தாடையோரக் கைவேலை

கதகளியின் மிக நுட்பமான வேலை விளக்கேற்றும் முன்பே முடிந்துவிடுகிறது. ஆட்டத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு அது கிடைப்பதில்லை. மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரில் இராமாயணத்தைப் பார்த்து, யூதத் தெருவில் கொஞ்சம் நடந்து, சாயங்காலம் பக்கத்திலிருக்கும் ஃபோர்ட் கொச்சிக்குப் போனால், அங்குள்ள கதகளி அரங்குகளில் ஒப்பனையைப் பார்வையாளர் கண்முன்னாலேயே செய்கிறார்கள். ஆட்டம் ஆறு மணிக்கு என்றால் ஐந்துக்கே போய் உட்கார்ந்துவிட வேண்டும்.

நடிகர் முகத்தில் அடிப்படைக் கோடுகளைத் தானே போட்டுக்கொண்டு பாயில் மல்லாந்து படுக்கிறார். தலைமாட்டில் சம்மணமிட்டு உட்காருகிறார், சுட்டி எனப்படும் தாடையோர வெள்ளை வரம்பைக் கட்டும் சுட்டிக்காரர். அரிசி மாவும் சுண்ணாம்பும் சேர்த்துக் குழைத்த பசையை விரலில் எடுத்து, காதடியில் தொடங்கி, தாடையெலும்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே மோவாய் வரைக்கும் வரம்பு கட்டுகிறார். வளைவாக வெட்டி வைத்த கெட்டிக் காகிதத்தை அந்த வரம்பில் பதித்து நிமிர்த்துகிறார். முன்காலத்தில் காகிதம் கிடையாது. பசையை ஒரு சுற்று வைப்பது, காயவிடுவது, அதன்மேல் அடுத்த சுற்று என்று மாவிலேயே மதில் எழுப்பினார்கள். காகிதம் வந்தபிறகும் பசை காயக் காத்திருக்கும் வேலை போகவில்லை. அந்த நேரத்தில் படுத்திருப்பவர் பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது. பல நடிகர்கள் தூங்கியே விடுகிறார்கள்.

இராமன், நளன் போன்ற பச்சை வேடங்களுக்கும் இராவணன், கீசகன் போன்ற கத்தி வேடங்களுக்கும் இந்தச் சுட்டி உண்டு. பெண் வேடத்துக்குக் கிடையாது. வேடம் முடிந்து விளக்கின் முன் வந்து நின்றதும், திரி வெளிச்சம் முதலில் தாடையோரத்து வெள்ளையில்தான் விழுகிறது. பச்சை முகம் அந்த வெள்ளைக் கரைக்குள்ளிருந்து முன்னால் வந்து நிற்கிறது. கடைசி வரிசையில் இருப்பவருக்கும் முகம் பெரிதாகத் தெரிகிறது. 1930இல் தொடங்கிய கேரள கலாமண்டலத்தில் சுட்டியை நடிப்போடு சேர்க்காமல் தனிப் பாடமாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள். அது நியாயம்தான்.

எனக்கு இதில் அலுக்காத இடம், இரண்டு பக்கத்து வரம்பும் மோவாயின் நடுவில் வந்து சேருகிற இடம். தலைமாட்டில் இருப்பதால் சுட்டிக்காரர் முகத்தைத் தலைகீழாகப் பார்க்கிறார். தலைகீழாகப் பார்க்கும்போது அது தெரிந்தவர் முகமாக இருப்பதில்லை; வெறும் வடிவமாகிவிடுகிறது. இடப்பக்கம் ஒரு நூல் தூக்கலாக இருந்தால் கண் உடனே பிடித்துக்கொள்கிறது. தாடையில் கை வைக்கும் அறுவை மருத்துவர்களும் தையல் போடுமுன் மேசையின் தலைப்பக்கம் போய் நின்று பார்ப்பதுண்டு. காரணம் இதேதான்.

சுட்டிக்கு அறுவை அரங்கில் ஒரு நெருங்கிய சொந்தம் இருக்கிறது. உள்வாங்கிய மோவாயை முன்னுக்குக் கொண்டுவர, தாடையெலும்பின் முன்பக்கத்தில் சிலிக்கான் துண்டு ஒன்றை வைத்துத் தைக்கிறார்கள். சின் இம்ப்ளாண்ட் என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். முதல் அறுவையைப் புகழ விளம்பரங்கள் ஏராளம். நான் பாராட்ட நினைப்பது இரண்டாவது அறுவையை. வைத்தது சரியாக அமையாதபோது, அதே இடத்தை மறுபடி திறந்து திருத்துகிற வேலை முதல் வேலையைவிடக் கடினமானது. அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு.

சுட்டி கோணினால் பிய்த்துவிட்டு மறுபடி வைக்கலாம். ஆட்டம் முடிந்ததும் எப்படியும் உரித்துத்தான் எறியப்போகிறார்கள். சிலிக்கான் விஷயத்தில் அப்படிச் செய்ய முடியாது. உடம்பு அதை அந்நியமென்று தெரிந்துகொண்டு, சில வாரங்களுக்குள் அதைச் சுற்றி ஒரு மெல்லிய உறையைக் கட்டிவிடுகிறது. பிறகு எதைச் செய்தாலும் அந்த உறையோடு சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். அதனால் மறு அறுவையின் முதல் நயம் கத்தியில் இல்லை, காலத்தில் இருக்கிறது. எப்போது திறப்பது, எப்போது திறக்கக்கூடாது என்பதைத் தெரிந்துகொள்வதில்தான் பாதி வைத்தியம் அடங்கியிருக்கிறது.

முதல் இரண்டு மூன்று வாரம் கண்ணாடி உண்மையைச் சொல்லாது. மோவாய் வீங்கி, தோல் இழுபட்டு, கீழுதடு கொஞ்சம் விறைத்து, சிரித்தால் யாரோ சிரிப்பது போல இருக்கும். ‘பெரிதாக வைத்துவிட்டார்களே’ என்ற அழுகை பெரும்பாலும் இந்த நாட்களில்தான் வரும். அனுபவமுள்ள மருத்துவர் இப்போது செய்கிற பெரிய உதவி, எதுவும் செய்யாமல் இருப்பது. பெரும்பகுதி வீக்கம் மூன்று மாதத்துக்குள் வடிகிறது. மீதி மெதுவாக வடிந்து, தழும்பு இளகி, தோல் புதிய விளிம்போடு ஒட்டிப் பழக ஆறு மாதமும் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம். அளவு பிடிக்கவில்லை, வடிவம் பிடிக்கவில்லை என்பதற்கான மறு அறுவையை அதற்கு முன் தொடாமலிருப்பதே நல்லது. மூன்றாவது வாரத்துக்கும் மூன்றாவது மாதத்துக்கும் இடையில் திறந்தால் உள்ளே எல்லாம் சிவந்து இறுகி, தொட்ட இடமெல்லாம் கசியும். எது தசை, எது தழும்பு என்று பிரித்தெடுப்பதே சிரமம்.

காத்திருக்கக் கூடாத சந்தர்ப்பங்களும் உண்டு. இதைப் பிரித்துச் சொல்லும் மருத்துவரை நம்பலாம். அறுவை முடிந்த அன்றோ மறுநாளோ ஒரு பக்கம் மட்டும் வேகமாகப் புடைத்து இறுகினால், உள்ளே இரத்தம் தேங்கியிருக்கலாம்; உடனே திறக்க வேண்டும். துண்டு நகர்ந்துவிட்டது என்பது முதல் சில நாட்களிலேயே படத்திலும் கைக்கும் தெளிவாகத் தெரிந்தால், உறை கட்டுவதற்கு முன் தள்ளி வைத்துவிடுவது எளிது. இம்ப்ளாண்டின் பக்கவாட்டில் நீளும் இறக்கை உதட்டு நரம்பை நேராக அழுத்துகிறது என்று தெரிந்தாலும் ஆறு மாதம் பொறுக்கச் சொல்வது சரியில்லை.

அந்த நரம்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கீழ்த்தாடையின் இரண்டாம் முன்கடைவாய்ப் பல்லுக்குக் கீழே, பக்கத்துக்கு ஒன்றாக எலும்பில் சிறு துவாரம் உண்டு. அதன் வழியே வெளிவரும் நரம்புதான் கீழுதட்டுக்கும் மோவாய்த் தோலுக்கும் உணர்ச்சி தருகிறது. அறுவையில் அது இழுபட்டால் உதடு மரத்துப்போகும். சாயா குடிக்கும்போது ஓரத்தில் வழிவது தெரியாது. சவரம் செய்யும்போது கீறியது தெரியாது. பெரும்பாலும் வாரங்களிலோ சில மாதங்களிலோ உணர்ச்சி திரும்பிவிடுகிறது. திரும்பும் வழியில் எறும்பு ஊர்வது போலக் குறுகுறுக்கும். அது நல்ல அறிகுறி. மரத்துப்போனதற்காகவே அவசரப்பட்டு மறுபடி திறந்தால், தானாகத் தேறிக்கொண்டிருந்த நரம்புக்கு இரண்டாவது அடி விழும்.

சீழ் பிடித்தால் கணக்கு வேறு. சிலிக்கானின் மேற்பரப்பில் கிருமிகள் படலமாக ஒட்டிக்கொண்டால், மாத்திரை அந்தப் படலத்துக்குள் போய்ச் சேராது. மருந்து சாப்பிடும்வரை அடங்கியிருக்கும், நிறுத்தினால் திரும்ப வரும். வேரூன்றிய தொற்றுக்கு வழி, துண்டை எடுத்துவிடுவதுதான். எடுத்த கையோடு புதியதை வைக்காமல், மூன்றிலிருந்து ஆறு மாதம் இடத்தை ஆறவிட்டு வைப்பதே பொதுவான வழக்கம். இந்த இடைவெளியில் மோவாய் பழையபடி உள்ளே போய்விட்டதே என்று மனம் நோகும். அந்த மாதங்களைத் தாங்கிக்கொள்ளப் பக்கத்திலிருப்பவர்கள் உதவ வேண்டும்.

காலம் கனிந்தபின் என்ன செய்யலாம்? நடுவிலிருந்து சில மில்லிமீட்டர் விலகியது, மேலே ஏறி உட்கார்ந்தது, அளவு மிஞ்சியது, போதாதது, இறக்கையின் ஓரம் கைக்குத் தட்டுவது என ஒவ்வொரு குறைக்கும் வேலை வேறு. பழைய அறுவை மோவாய்க்கு அடியில் போட்ட கீறல் வழியாக நடந்திருந்தால் பெரும்பாலும் அதே தழும்பின் வழியே நுழைவார்கள். உறையைத் திறந்ததும் சிலிக்கான் வழவழவென்று வெளியே வந்துவிடுகிறது, எதனோடும் ஒட்டியிருக்காது. அது இருந்த பை மட்டும் அப்படியே நிற்கிறது. இனிதான் கைத்திறன் தெரியும். துண்டு இடப்பக்கம் போயிருந்தால் பையும் இடப்பக்கம்தான் இருக்கும். துண்டை மட்டும் நடுவில் வைத்து மூடினால் அது தன் பழைய பைக்கே திரும்பிவிடும். அதனால் வலப்பக்கச் சுவரைத் திறந்து இடம் விட்டு, இடப்பக்கத்தைத் தையலால் மூடி, தேவைப்பட்டால் சிறு டைட்டானியம் திருகு ஒன்றால் துண்டை எலும்போடு நிறுத்துகிறார்கள். சில மருத்துவர்கள் மேசையிலேயே கத்தியால் சிலிக்கானின் ஓரத்தைச் சீவி மெலிதாக்கி, விரலால் தடவிப் பார்த்து, மறுபடி சீவுவார்கள். இறக்கை எலும்போடு எங்கே முடிகிறது என்பது வெளியே தெரியக்கூடாது.

சிலிக்கானுக்குப் பதில் நுண்துளையுள்ள பாலிஎத்திலீன் வைத்திருந்தால் இந்தச் சுலபம் கிடைக்காது. அந்தத் துளைகளுக்குள் உடம்பின் திசு வளர்ந்து பிடித்துக்கொள்கிறது. நகராமல் இருப்பது அதன் நன்மை. எடுக்க வேண்டியபோது துண்டு துண்டாகப் பெயர்க்க வேண்டியிருப்பது அதற்குக் கொடுக்கும் விலை. எதை வைத்திருக்கிறார்கள் என்று தெரியாமல் மறு அறுவைக்குள் போவது ஆபத்து.

எலும்பின் பக்கமும் ஒரு செய்தி உண்டு. இம்ப்ளாண்டுக்கு அடியில் எலும்பு கொஞ்சம் கரைவதை 1969இலேயே மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலும் அது ஓர் அளவோடு நின்றுவிடும். துண்டு கீழ்விளிம்பின் கெட்டி எலும்பில் உட்காராமல் மேலே, பல்வேர்ப் பக்கத்து மெல்லிய எலும்பில் உட்கார்ந்திருந்தால்தான் கவலை. அப்போது வலியில்லாவிட்டாலும் மறு அறுவையைப் பற்றி யோசிப்பது நியாயம்.

வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்று சொல்வதும் ஒரு தேர்வு. ஆனால் அது கேட்கும் அளவுக்கு எளிதல்ல. பெரிய துண்டு பல வருடம் இருந்திருந்தால் தோலும் தசையும் அதற்கேற்ப விரிந்திருக்கும். எடுத்தபின் வெற்றிடம் சுருங்கி, மோவாய் தொங்கவோ குழிவிழவோ இடமுண்டு. இங்கேதான் ஒரு சிறு தசை எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கீழ்ப்பற்களுக்கு அடியில் எலும்பில் தொடங்கி மோவாய்த் தோலில் முடியும் தசை அது. அழுகையை அடக்கும்போது மோவாய் நடுங்குவது அதனால்தான். வாய்க்குள் கீறி உள்ளே போகும் அறுவையில் அந்தத் தசையை எலும்பிலிருந்து விலக்க வேண்டிவரும். முடிக்கும்போது அதை மேலே தூக்கி, பழைய உயரத்தில் எலும்போடு சேர்த்துத் தைக்காவிட்டால் மோவாய்த் தோல் கீழே சரியும், கீழுதடு இறங்கும், சும்மா இருக்கும்போதே கீழ்ப்பற்கள் தெரியும். திருத்த அறுவையில் தழும்போடு சுருண்டுகிடக்கும் அந்தத் தசையைத் தேடியெடுத்து, நுனியைப் பிடித்து, மேலே இழுத்து, சரியான உயரத்தில் போடும் தையல் இருக்கிறதே, இந்த வேலை முழுவதிலும் என்னை மிகவும் கவர்வது அதுதான். எந்தப் படத்திலும் அது தெரியாது. உதடு இயல்பாக மூடுவதில் மட்டும் தெரியும்.

அதனால்தான் நல்ல மருத்துவர் நோயாளியைப் பக்கவாட்டில் படமெடுத்ததோடு நிறுத்துவதில்லை. சிரிக்கச் சொல்கிறார், பேசச் சொல்கிறார். பகரமும் மகரமும் உதடு சேராமல் வராது. ‘அப்பா, அம்மா’ என்று சொல்லும்போது மோவாய்த் தோல் ஆரஞ்சுத் தோல் போலக் குழிகுழியாகச் சுருங்கினால், உதட்டை மூட அந்தத் தசை கூடுதலாக உழைக்கிறது என்று பொருள். பிரச்சினை இம்ப்ளாண்டின் அளவில் இல்லாமல் தாடையின் நீளத்திலோ பல் கடிப்பிலோ இருக்கலாம். கீழ்த்தாடை முழுதுமே பின்னால் இருப்பவருக்கு எத்தனை முறை சிலிக்கானை மாற்றினாலும் திருப்தி வராது. பல் கடிப்பைப் பார்க்காமல் மறு அறுவைக்கு நாள் குறிப்பவரிடம் இன்னொரு கருத்து கேட்காமல் போகாதீர்கள்.

இம்ப்ளாண்டையே விட்டுவிட்டு, சொந்த எலும்பை நகர்த்தும் வழியும் இருக்கிறது. 1942இல் ஒட்டோ ஹோஃபர் விவரித்த முறை. 1957இல் டிரவுனரும் ஓப்வெகேசரும் அதை வாய்க்குள்ளிருந்தே, வெளித்தழும்பு இல்லாமல் செய்யக் காட்டினார்கள். மோவாயெலும்பைக் குறுக்கே அறுத்து, கீழ்த்துண்டை முன்னால் நகர்த்தி, படிபோல வளைத்த டைட்டானியத் தகட்டால் நிறுத்துகிறார்கள். இதன் நுணுக்கம் அறுக்கும் கோட்டில் இருக்கிறது. நரம்பு வெளிவரும் துவாரத்துக்குச் சற்றுக் கீழே அறுத்தால் போதும் என்று தோன்றும். போதாது. எலும்புக்குள் வரும் நரம்பு துவாரத்தைவிடக் கீழே தாழ்ந்து போய், பிறகு மேலேறி வெளிவருகிறது. அதனால் துவாரத்திலிருந்து குறைந்தது 5 மில்லிமீட்டராவது இறங்கி அறுக்கிறார்கள். நகர்த்தும் எலும்பின் பின்பக்கத்தில் நாக்கை முன்னிழுக்கும் தசைகள் ஒட்டியிருக்கின்றன. அவற்றை விடாமல் கூடவே கொண்டுவருவதால்தான் அந்தத் துண்டுக்கு இரத்தம் கிடைத்து எலும்பு உயிரோடு கூடுகிறது. முன்னுக்கு மட்டுமல்லாமல் மேலே, கீழே, பக்கவாட்டிலும் நகர்த்தலாம். சிலிக்கானால் உயரத்தைக் குறைக்க முடியாது, இதனால் முடியும். விரிந்துபோன பையை நிரப்பவும் இதுவே நல்ல மாற்று. இரண்டு முறை இம்ப்ளாண்ட் தோற்றவருக்கு மூன்றாவதை வைப்பதைவிட இதைச் சொல்லும் மருத்துவரே சரியானவர் என்பது என் கருத்து. அறுவை பெரிது, மரத்துப்போகும் வாய்ப்பும் கூடுதல் என்பதையும் அவர் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஃபில்லர் ஊசியும், வயிற்றிலிருந்து எடுத்த கொழுப்பை ஏற்றுவதும் சிறு பள்ளங்களுக்கு உதவும். ஹயலூரானிக் அமில ஃபில்லரைப் பிடிக்காவிட்டால் ஊசியாலேயே கரைத்துவிடலாம் என்பதால், இன்னும் எவ்வளவு வேண்டும் என்று முன்கூட்டிப் பார்க்க அது நல்ல ஒத்திகை.

எவ்வளவு வேண்டும் என்பதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. தலையை நேராக வைத்து, கீழுதட்டிலிருந்து செங்குத்தாக ஒரு கோடு இறக்கினால், ஆணின் மோவாய் அந்தக் கோட்டைத் தொடலாம். பெண்ணுடையது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பின்னால் இருந்தால் அழகு என்பார்கள். அரண்மனைச் சுவரோவியத்து முகங்களைப் போய்ப் பாருங்கள். மோவாய் எங்கும் துருத்தி நிற்பதில்லை. கன்னத்தின் வளைவு அப்படியே இறங்கி அதில் முடிகிறது. அளவு மிஞ்சிய இம்ப்ளாண்டைக் குறைத்துத் தரச் சொல்லி வருகிறவர்கள் கேட்பது அந்த இறக்கத்தைத்தான். தங்கள் முகம் தங்களுடையதாக இருக்க வேண்டும் என்கிறார்கள்.

உயிருக்கு ஆபத்தில்லாத குறைக்கு இரண்டாவது தடவையும் கத்தியா என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். கேட்பதில் அக்கறை இருக்கிறது. ஆனால் மட்டாஞ்சேரியிலிருந்து காயலைத் தாண்டினால் வரும் இடப்பள்ளி அமிர்தா மருத்துவமனையில், 2015 ஜனவரியில் மருத்துவர் சுப்ரமணிய ஐயரின் குழு இந்தியாவிலேயே முதல் முறையாகக் கைகளை மாற்றிப் பொருத்தியது. கையில்லாமலும் உயிர் வாழலாம். ஆனாலும் ஒருவர் வாழ்நாள் முழுக்க மருந்து சாப்பிடச் சம்மதித்து அதை ஏற்றுக்கொண்டார். உடம்பு முழுமையாக இருப்பதும், அதைத் தன்னுடையதென்று உணர்வதும் ஆடம்பரமல்ல. மோவாய் அதைவிடச் சிறிய விஷயம்தான். ஆனால் கண்ணாடி முன் தினமும் அதைச் சுமக்கிறவருக்கு அது சிறியதாக இருப்பதில்லை.

மறு அறுவையை யோசிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் அறுவை நடந்த இடத்திலிருந்து அறுவைக் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்குங்கள். சிலிக்கானா பாலிஎத்திலீனா, எந்தக் கம்பெனி, என்ன அளவு, வாய் வழியா மோவாய்க்கு அடியிலா, திருகு போட்டார்களா என்ற விவரங்கள் அதில் இருக்க வேண்டும். இம்ப்ளாண்ட் டப்பாவிலிருந்து கிழித்து ஒட்டும் ஸ்டிக்கரும் அதில் இருக்கும். அறுவைக்கு முன் எடுத்த படங்களையும் சேர்த்து வாங்குங்கள். பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். படித்தவரிடமோ, முகத் தாடை அறுவையில் எம்.டி.எஸ். படித்தவரிடமோ அந்தக் காகிதங்களோடு போங்கள். உங்கள் அவசரத்துக்கு இணங்காமல் இன்னும் மூன்று மாதம் கழித்து வரச் சொன்னால், காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, தேதியைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.